தெரியாமையின் விலை

சந்தையில் மண்பானை வாங்கும்போது அதைக் கையில் தூக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் நெடுநாள் வழக்கம். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மங்கிக் கேட்டால் எங்கோ கீறல் விழுந்திருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடாததைக் காது பிடித்துவிடும். பழைய ரயில் நிலையங்களில் நீண்ட காம்புள்ள சுத்தியலோடு ஒருவர் பெட்டி பெட்டியாகச் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். அவர் காது கொடுத்ததும் இதே ஒலிக்குத்தான். இன்றும் விமானப் பராமரிப்புக் கூடங்களில், கார்பன் இழைப் பாகங்களுக்குள் அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று அறிய, நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டிக் கேட்கும் சோதனை வழக்கத்தில் இருக்கிறது.

தட்டிப் பார்க்க வேண்டுமானால் முதலில் கை எட்ட வேண்டும். பயணிகள் விமானத்தில் கை எட்டாத இடங்களே அதிகம். இறக்கையும் உடலும் சேரும் பெட்டிக்குள்ளும், கழிப்பறைத் தரைக்கு அடியிலும், கூரைத் தகடுக்கும் உட்கூரைக்கும் நடுவிலும்தான் உலோகம் சத்தமில்லாமல் சோர்ந்துபோகிறது. அங்கே போய்ப் பார்ப்பதற்காக விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். இருக்கைகளைக் கழற்றி, தரைப்பலகைகளைப் பெயர்த்து, வெப்பத்தடுப்பு மெத்தைகளை உருவி, பூச்சைச் சுரண்டி எடுத்த பிறகு ஒரு மெக்கானிக் விளக்கோடும் கருவியோடும் உள்ளே ஊர்ந்து போகிறார். பெரும்பாலான நேரம் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. வெளியே வருகிறார். கழற்றியதை எல்லாம் திரும்பப் பூட்டுகிறார்கள்.

அந்த நாட்களுக்கான கூலியும் வாடகையும், பறக்காமல் போன பயணங்களின் வருமானமும் எதற்குக் கொடுத்த விலை? விரிசலைச் சரிசெய்வதற்கு அல்ல. விரிசல் இல்லை என்று தெரிந்துகொள்வதற்கு. விரிசலைக் கண்டறிய விமானத்தின் உடலில் ஒட்டிவைக்கும் சென்சார்களின் பொருளாதாரப் பயனை எடைபோடும்போது இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றவை தாமாகத் தெளியும். எழுபது ஆண்டுகளாக விமானத் துறை தெரியாமைக்கு விலை கொடுத்துவருகிறது. முதலில் உயிராகக் கொடுத்தது. பிறகு எடையாகவும் தூக்கி எறிந்த நல்ல பாகங்களாகவும் கொடுத்தது. இப்போது நேரமாகக் கொடுக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு விமானம்

1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்ட டி ஹாவிலண்ட் காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் சேவையைத் தொடங்கிவைத்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2 அன்று, கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து எழும்பிய ஒரு காமெட் சில நிமிடங்களில் புயல் மேகத்துக்குள் சிதைந்து விழுந்தது. 43 பேரும் இறந்தார்கள். புயலின் வேகத்தைக் கட்டமைப்பு தாங்கவில்லை என்று விசாரணை முடிவு செய்தது. 1954 ஜனவரி 10 அன்று இத்தாலியின் எல்பா தீவருகே இன்னொரு காமெட் 35 பேரோடு கடலில் விழுந்தது. காரணம் பிடிபடாமலே, சில மாற்றங்களைச் செய்துவிட்டு, மார்ச் மாதம் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மூன்றாவது விமானம் 21 பேரோடு போனது.

அதற்குப் பிறகுதான் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில், ஆர்னால்டு ஹால் தலைமையில், ஒரு முழு காமெட் விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். இறக்கைகள் மட்டும் தொட்டியின் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உடலுக்குள் தண்ணீரை அழுத்தி ஏற்றுவதும் இறக்குவதுமாக, ஒரு பயணத்தில் விமான உடல் படும் பாட்டை மறுபடி மறுபடி படவைத்தார்கள். வானத்தில் ஏற்கெனவே 1,221 முறை அழுத்தம் ஏறி இறங்கியிருந்த அந்த விமானம், தொட்டியில் இன்னும் 1,836 முறை தாங்கியது. பிறகு ஜன்னல் மூலையில் தொடங்கிய கிழிசல் உடலைப் பிளந்தது. கடலில் விழுந்த இரண்டும் 1,290 பயணங்களிலும் 900 பயணங்களிலும் முடிந்துபோயிருந்தன. தயாரிப்பாளர்கள் முன்பு செய்த சோதனையிலோ உடற்பகுதி ஏறத்தாழ 16,000 சுழற்சிகள் தாங்கியிருந்தது. அந்தச் சோதனைத் துண்டின் மீது முதலிலேயே மிகையான அழுத்தம் ஏற்றியிருந்தார்கள். விரிசல் தொடங்கும் இடங்களை அது இறுக்கிவிட்டதால் இல்லாத ஆயுளைக் காட்டியது. தெரியும் என்று நம்பியது தெரியாமலே இருந்தது.

உலோகச் சோர்வு அன்று புதிய செய்தி இல்லை. ரயில் அச்சுகள் ஏன் திடீரென முறிகின்றன என்று ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சோதித்து எழுதியிருந்தார். விமானப் பொறியாளராக இருந்த நெவில் ஷூட், விமான வால்பகுதி உலோகச் சோர்வால் முறிவதை மையமாக வைத்து 1948-லேயே ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். பொதுவான அறிவு இருந்தது. இந்த விமானத்தின் இந்த மூலையில் இன்று என்ன நடக்கிறது என்ற குறிப்பான அறிவுதான் இல்லை.

அதன் பொருளாதார விலையைக் கணக்கிடுவது கடினமில்லை. ஜெட் பயணத்தில் முதலில் ஓடிய பிரிட்டன் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டது. திருத்தி எழுப்பிய காமெட் 4 அட்லாண்டிக்கைக் கடந்தது 1958 அக்டோபரில். அதே மாதத்தில் போயிங் 707-ம் சேவைக்கு வந்துவிட்டது. காமெட் எல்லா வகையும் சேர்ந்து 114 மட்டுமே கட்டப்பட்டன. 707 எண்ணூற்றைத் தாண்டியது. ஒரு நாட்டின் தொழில் முன்னிலை ஒரு ஜன்னல் மூலையில் கசிந்து போனது.

மூன்று காலத்து மூன்று கணக்கு

காமெட்டுக்குப் பிந்தைய தலைமுறைகள் தெரியாமையைக் கையாள மூன்று வழிகளை அடுத்தடுத்துக் கண்டன. ஒவ்வொன்றும் பொறியியல் கொள்கை என்று பேசப்பட்டாலும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பணக்கணக்கு இருந்தது.

முதலாவது, ஆயுளைக் குறித்துவிடுவது. ஒரு பாகம் இத்தனை மணி நேரம் பறந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கெட்டதா நல்லதா என்ற கேள்வியே கிடையாது. ஆயிரத்தில் ஒன்று முன்கூட்டியே முறியக்கூடும் என்பதற்காக மீதியையும் நன்றாக இருக்கும்போதே ஒதுக்கிவிடுகிறோம். இரண்டாவது, ஒன்று முறிந்தாலும் பக்கத்தில் உள்ளது சுமையைத் தாங்கும்படி கட்டுவது. இதன் விலை எடை. கூடுதல் பட்டை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பயணத்திலும் எரிபொருளைத் தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது வழியின் ஓட்டையை 1977 மே 14 காட்டியது. ஜாம்பியாவின் லுசாகாவில் இறங்க வந்த டான்-ஏர் நிறுவனத்தின் 707 சரக்கு விமானத்தில் வால் கிடைத்தளம் பிய்ந்தது. அதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். ஒன்று முறிந்தால் மற்றது தாங்கும் என்ற கொள்கைப்படிதான் அந்த வால் கட்டப்பட்டிருந்தது. ஆனால் முதல் பாகம் விரிசல் கண்டது யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் மாற்றவில்லை. தாங்க வேண்டிய பாகம் தாங்கித் தாங்கி அதுவும் போயிற்று. துணைக்கு ஆள் நிறுத்தினால் போதாது, முதல் ஆள் விழுந்த செய்தியும் வந்து சேர வேண்டும் என்பது லுசாகா சொன்ன பாடம்.

மூன்றாவது வழி அதன் பிறகு வேர்பிடித்தது. விரிசல் ஏற்கெனவே இருக்கிறது என்றே வைத்துக்கொள். அது எவ்வளவு வேகத்தில் வளரும் என்று கணக்கிடு. ஆபத்தான நீளத்தை எட்டும் முன் கண்டுபிடிக்கும்படி சோதனைகளை வகுத்துக்கொள். 1978-ல் அமெரிக்க விமான விதிகளில் இது இடம்பெற்றது. விரிசல் வளர்ச்சியைக் கணக்கிடும் சூத்திரத்தைத் தந்தவர் பால் பாரிஸ். அவர் கட்டுரையை மூன்று முன்னணி ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. 1961-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு இதழில்தான் அது வெளியானது. இன்று உலகெங்கும் விமானச் சோதனை நாட்கள் அந்தக் கணக்கின் வழியில்தான் குறிக்கப்படுகின்றன.

மூன்று வழிகளில் இதுவே நேர்மையானது. தன் அறியாமையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. இதற்கான விலை நேரம். திறந்து பார், மூடு. மறுபடி திறந்து பார், மூடு.

ஏறும்போது கண்ட கீறல்

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹோனலுலு போகும் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737-ல் ஏறிக்கொண்டிருந்த ஒரு பயணி, கதவருகே உடல் தகட்டில் ரிவெட் வரிசையை ஒட்டி நீளமாக ஒரு விரிசலைக் கண்டார். யாரிடமும் சொல்லவில்லை. 24,000 அடி உயரத்தில் முன்பகுதிக் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டார். திறந்த வானத்தின் கீழ் பெல்ட்டோடு கட்டுண்டு கிடந்தவர்களோடு விமானிகள் விமானத்தை மாவி தீவில் இறக்கினார்கள். 95 பேரில் 94 பேர் பிழைத்தார்கள்.

அந்த விமானம் 19 ஆண்டுகளில் 89,680 பயணங்கள் முடித்திருந்தது. தீவுக்குத் தீவு சிறு பயணம். ஒவ்வொன்றிலும் ஒரு முறை உடல் உப்பி ஒரு முறை சுருங்கும். உப்புக்காற்று வேறு. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய இணைப்புகளில் பசை விட்டு, அரிப்பு ஏறி, ரிவெட் துளைகளில் மயிரிழை விரிசல்கள் பல தொடங்கி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. விதிப்படி சோதனைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளை ஏணிமேல் நின்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் மனிதனின் கண்ணும் சோர்ந்துபோகும் என்பதை விசாரணை கவனத்துக்குக் கொண்டுவந்தது. உலோகம் மட்டும் சோர்வதில்லை.

அலோஹாவுக்குப் பிறகு முதிய விமானங்கள் தனிக் கவலையாயின. அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1991-ல் நியூ மெக்சிகோவில் சாண்டியா ஆய்வகத்தின் பொறுப்பில், விமானச் சோதனைக் கருவிகளின் நம்பகத்தைச் சோதிக்கும் மையம் தொடங்கப்பட்டது. சோதனைகள் பெருகின. பெரிய விமானம் ஒன்றை முழுமையாகப் பிரித்துப் பார்க்கும் 'டி செக்' பல பத்தாயிரம் மனித மணி நேரத்தையும் ஒரு மாதத்துக்கு மேலான நாட்களையும் விழுங்கும். அந்த வேலையின் பெரும்பகுதி வழி உண்டாக்குவதும் வழியை அடைப்பதும்தான். உண்மையில் பார்ப்பது சில நிமிடம்.

திறப்பதிலேயே ஒரு தீங்கும் உண்டு. கழற்றும்போது திருப்புளி வழுக்கித் தகட்டில் கோடு விழும். கம்பிவடம் நசுங்கும். பூச்சு சரியாக ஒட்டாத இடத்தில் ஈரம் புகும். அடுத்த விரிசலுக்கான விதையைச் சில நேரம் முந்திய சோதனையே விதைத்துவிடுகிறது.

புகைக் கறை எழுதிய கடிதம்

இந்த வரலாற்றில் என் நெஞ்சைவிட்டு நீங்காத படம் ஒன்று உண்டு. 1980-ல் ஹாங்காங்கில் இறங்கும்போது சைனா ஏர்லைன்ஸின் 747 ஒன்று வாலைத் தரையில் உரசியது. சேதமான தகட்டை முறைப்படி வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே ஒட்டுத் தகடு வைத்து மூடிவிட்டார்கள். உரசல் கோடுகள் அடியில் மறைந்தன. 22 ஆண்டுகள் விமானம் பறந்தது. 2002 மே 25 அன்று தைவான் நீரிணைக்கு மேலே வானிலேயே சிதறியது. 225 பேர் இறந்தார்கள்.

விபத்துக்குச் சில மாதம் முன்பு எடுத்த ஒரு படத்தில், அந்த ஒட்டுத் தகட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை படிந்திருப்பதை விசாரணையாளர்கள் பிறகு கவனித்தார்கள். விமானத்துக்குள் சிகரெட் பிடிக்க அனுமதி இருந்த காலத்தில், உள்ளிருந்த காற்று விரிசல் வழியே கசிந்து, புகையின் நிக்கோட்டினை வெளியே பூசியிருந்தது. அந்த நிறுவனம் புகைபிடிப்பதைத் தடைசெய்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படியானால் விரிசல் அதற்கு முன்பிருந்தே திறந்திருந்தது. உலோகம் தன் நோயைத் தானே எழுதி வெளியே ஒட்டிவைத்திருந்தது. படிக்க ஆள் இல்லை.

விரிசல் இருக்கும் இடத்தில் காற்று கசியும். இந்த எளிய உண்மையைத்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உருவான ஒரு சென்சார் தன் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. வெற்றிட ஒப்பீட்டுக் கண்காணிப்பு என்று பெயர் சொல்லலாம். கட்டைவிரல் அகல ஒட்டுப்பட்டை ஒன்று. அதன் அடிப்பக்கத்தில் மயிரிழை அளவு வாய்க்கால்கள் வரிசையாக ஓடும். ஒன்றுவிட்டு ஒன்றில் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவார்கள். நடுவே உள்ளவற்றில் சாதாரணக் காற்று இருக்கும். தகடு நலமாக இருந்தால் வெற்றிடம் நிற்கும். தகட்டில் விரிசல் விழுந்து இரண்டு வாய்க்கால்களைத் தொட்டுவிட்டால் காற்று அதன் வழியே கசியும், வெற்றிடம் நிற்காது. பட்டையில் மின்சாரம் இல்லை, அசையும் பாகம் இல்லை. கையெட்டும் இடம்வரை மெல்லிய குழாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டால், மெக்கானிக் ஒரு கருவியை மாட்டிச் சில நிமிடங்களில் பதிலை வாங்கிக்கொண்டு போகலாம். அன்று புகைக் கறையாக வந்த செய்தி இன்று ஒரு எண்ணாக வருகிறது. கூடவே, அதைக் கேட்க ஒருவர் நாள் குறித்து வருகிறார்.

2014-ல் டெல்டா நிறுவனத்தின் ஏழு 737 விமானங்களில், இறக்கைப் பெட்டியின் விரிசல் விழக்கூடிய பொருத்துகளில் இந்தப் பட்டைகளை ஒட்டி, சாண்டியா, போயிங், அமெரிக்க விமான ஒழுங்காணையமான எஃப்.ஏ.ஏ. எல்லாம் சேர்ந்து வழக்கமான பயணங்களிலேயே சோதித்தன. அதன் பிறகு அந்த முறை போயிங்கின் சோதனைக் கையேட்டில் ஏறியது. பிரேசிலின் எம்பிரேயர் நிறுவனமும் தன் விமானங்களில் இதைச் சோதித்தது. அண்மை ஆண்டுகளில், வைஃபை ஆன்டெனா பொருத்துவதற்காகக் கூரையில் செய்த மாற்றங்களைச் சுற்றிலும் கண்காணிக்க இந்தச் சென்சார்களுக்கு ஒழுங்காணையத்தின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. உட்கூரையைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை அது.

வேறு வகைகளும் வளர்ந்திருக்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி, இழை எவ்வளவு நீள்கிறது என்பதிலிருந்து உலோகத்தின் இழுவிசையை அறிவது ஒன்று. சிறு பீங்கான் வில்லைகளை ஒட்டி, ஒன்று அனுப்பும் அதிர்வை மற்றது கேட்டு, நடுவே சேதம் இருக்கிறதா என்று அறிவது இன்னொன்று. பானையைத் தட்டிக் கேட்ட விரலும் காதும் இங்கே தகட்டிலேயே குடியேறிவிட்டன.

ஐந்தொகையின் இரு பக்கம்

இவற்றால் மிச்சமாவது என்ன? முதலில் நேரம். ஓர் இடத்தைத் திறக்கத் தேவையில்லாமல் போனால் திறக்கும் கூலி மட்டும் மிஞ்சுவதில்லை, விமானமும் மிஞ்சுகிறது. குறுகிய தூர விமானம் ஒன்று நாளுக்கு ஐந்தாறு முறை பறந்தால்தான் தன் வாடகையைச் சம்பாதிக்கும். அந்த வாடகை மாதத்துக்குச் சில லட்சம் டாலர். நிற்கும் நாளிலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, திடீர்ச் செலவு திட்டமிட்ட செலவாக மாறுவது. விரிசலைச் சோதனையின்போது கண்டால், பாகம் வர வாரக்கணக்கில் விமானம் ஹேங்கரிலேயே காத்திருக்கும். அதே விரிசலைத் தொடக்கத்திலேயே அறிந்தால், பாகத்தை வரவழைத்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த பருவத்தில் விமானத்தை உள்ளே இழுக்கலாம். விரிசல் ஒன்றுதான், விலை வேறு.

மூன்றாவது, முதுமையின் மதிப்பு. பழைய விமானத்தை வாங்குகிறவர் அதன் உடலுக்குள் என்ன இருக்கிறதோ என்ற அச்சத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். பலவீனமான இடங்களில் ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவுகள் ஏட்டில் இருந்தால் அச்சம் குறையும், விலை நிற்கும். கைமாறிப் போகும் விமானங்களை நம்பிப் பறக்கும் ஏழை நாடுகளின் பயணிகளுக்கு இது பணத்தைவிடப் பெரிய நன்மை.

நான்காவது நன்மை வருங்காலத்துக்கு உரியது. போயிங் 787-ன் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன் இழைக் கலவை. ஒரு சரக்கு வண்டி மோதினால் அலுமினியம் நெளிந்து காட்டிக்கொடுக்கும்; இழைக் கலவை வெளியே சிரித்த முகமாக இருந்துகொண்டு உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சேதம் இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வடிவமைப்பாளர்கள் கூடுதல் தடிமன் வைக்கிறார்கள். சேதத்தை உறுதியாக அறியும் சென்சார்கள் உடலோடு பிறந்தால், அந்தத் தடிமனில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க முடியும். தெரியாமைக்காக ஒவ்வொரு பயணத்திலும் எரிக்கும் எரிபொருள் அது.

ஐந்தொகையின் மறுபக்கத்தையும் எழுதினால்தான் கணக்கு நேராகும். விமான நிறுவனத்தின் செலவில் பராமரிப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதிலும் பெரும்பங்கு எஞ்சின்களுக்குப் போகிறது. ஆகவே உடலில் ஒட்டும் சென்சார் டிக்கெட் விலையைப் பாதியாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொய் எச்சரிக்கை ஒன்று கிளம்பினால், நலமாக உள்ள விமானம் நிறுத்தப்பட்டு, மிச்சம் பிடித்த பணம் ஒரே நாளில் போகும். கொளுத்தும் ஓடுதளத்துக்கும் உறையும் வானத்துக்கும் நடுவில் பல ஆண்டுகள் பிழைத்திருக்க வேண்டும் அந்தப் பட்டை. தான் கெட்டால் கெட்டேன் என்று சொல்லவும் வேண்டும். குறிப்பிட்ட நீள விரிசலை நூற்றுக்குத் தொண்ணூறு முறையாவது கண்டுபிடிக்கும் என்பதை 95 விழுக்காடு உறுதியோடு நிரூபித்த பிறகே விமானத் துறை ஒரு சோதனை முறையை நம்பும். அந்த நிரூபணத்துக்குப் பல ஆண்டும் பெரும் பணமும் ஆகும். சென்சார்கள் பரவுவதில் இருக்கும் தாமதத்தின் வேர் இதில்தான் இருக்கிறது. இந்தத் தாமதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். காமெட்டின் சோதனைத் துண்டு காட்டிய பொய் ஆயுளை மறக்காத துறை இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. 2019-ல் அதிகம் பறந்த ஒரு 737-ல் வேறு மாற்ற வேலை நடந்தபோது, இறக்கையையும் உடலையும் பிணைக்கும் பாகத்தில் விரிசல் தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்தப் பாகம் விமானத்தின் முழு ஆயுளுக்கும் தாங்கும் என்று கருதப்பட்டது. உடனே உலகெங்கும் சோதிக்க உத்தரவு பறந்தது. முதல் சில நாட்களில் சோதித்த 810 விமானங்களில் 38-ல் விரிசல் இருந்தது. அங்கே சென்சார் வைத்திருக்க யாருக்கும் தோன்றியிருக்காது. சென்சார் நாம் சந்தேகப்பட்ட இடத்தில் மட்டுமே காது வைத்திருக்கும். சந்தேகப்படாத இடத்தைக் கண்டது விளக்கோடு உள்ளே போன மனிதனின் கண். ஆகவே சென்சார் வந்துவிட்டது, மெக்கானிக்கைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் நிறுவனம் தவறான பக்கத்தில் மிச்சம் பிடிக்கிறது. திறந்து மூடும் வேலையில் மிஞ்சும் மணிகளை எதிர்பாராததைத் தேடும் வேலைக்குக் கொடுப்பதே அறிவு.

யார் முதலில் கேட்பது?

பயன் தெளிவாக இருந்தும் சென்சார்கள் மெதுவாகப் பரவக் காரணம், செலவு செய்கிறவரும் பயன் பெறுகிறவரும் வேறு வேறாக இருப்பது. நிரூபிக்கும் செலவு தயாரிப்பாளருக்கு. மிச்சம் இருபது ஆண்டு கழித்து விமானத்தை ஓட்டுகிறவருக்கு. குத்தகைக்கு எடுத்தவர் எட்டு ஆண்டில் திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்தவர் ஹேங்கரைப் பற்றி அவருக்கு என்ன?

இந்த முடிச்சை அவிழ்த்த ஒரு முன்னுதாரணம் வட கடலில் இருக்கிறது. 1986 நவம்பர் 6 அன்று எண்ணெய்த் துரப்பண மேடையிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்த சினூக் ஹெலிகாப்டர் பல்சக்கரம் சிதைந்து ஷெட்லாண்ட் தீவருகே கடலில் விழுந்தது. 45 பேர் இறந்தார்கள். பல்சக்கரங்களின் அதிர்வைக் கேட்டு நோயைச் சொல்லும் சாதனங்கள் அப்போது ஆய்வுநிலையில் இருந்தன. 1991-லிருந்து அவை வட கடல் ஹெலிகாப்டர்களில் ஏறின. பிறகு பிரிட்டன் அதை விதியாகவே ஆக்கியது. பயணத்தை வாங்குகிறவர்களும் விதியை எழுதுகிறவர்களும் சேர்ந்து கேட்டபோது சாதனம் ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்தது.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. மொத்தம் 970. ஒரே தலைமுறையில் பிறந்த பிள்ளைகள்போல இவை அடுத்தடுத்து வந்து, அடுத்தடுத்தே முதுமையும் அடையும். பெரும் சோதனைகளுக்கு நம் விமானங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் முழுதாக மாறவில்லை. ஹேங்கரும் அனுபவமுள்ள கைகளும் அந்த அலையைத் தாங்குமா என்பது பதினைந்து ஆண்டு கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி இல்லை.

ஒரு விமானம் முதன்முறையாகப் பெரும் சோதனைக்கு வரும் நாளில் அதன் தரை எப்படியும் திறந்திருக்கும். உட்கூரை எப்படியும் இறங்கியிருக்கும். வழி உண்டாக்கும் செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. எந்த இடத்தில் முதலில் விரிசல் விழும் என்று மற்ற நாடுகளின் பழைய விமானங்கள் அதற்குள் காட்டியிருக்கும். அந்த இடங்களில் பட்டையை ஒட்டக் கூடுதலாக ஆவது சில மணி நேரம். விமானம் வாங்கும் ஒப்பந்தத்திலேயே, குத்தகைத் தாளிலேயே, நம் விமான ஒழுங்காணையமான டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் அளிக்கும் பராமரிப்புத் திட்டத்திலேயே இதை இப்போதே எழுதிவைக்க முடியும். எடுக்கும் அளவுகள் விமானத்தோடு கைமாற வேண்டும், ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் பூட்டப்படக் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அலோஹாவில் ஏறிய பயணி கண்டதைச் சொல்லாமல் போனார். தைவானில் தகடு சொன்னதை யாரும் படிக்கவில்லை. நம் விமானங்களின் தரைப்பலகையைத் திரும்பப் பூட்டும் முன்பு, அடியில் கேட்க ஒரு காதை வைத்துவிட்டுப் பூட்டுவோம்.